தேய்மானம்

மே மாதத்து மழை அரைமணி நேரம்தான்.
வீலர் ரோட்டுத் தூங்குமூஞ்சி மரத்துக்கு
அதுவே போதுமாயிருந்தது.
கீழே கோதண்டனின் ஆட்டோ.
கோதண்டன் எதிர்க்கடையில்
டீயில் பன்னைத் தோய்த்துக்கொண்டிருந்தார்.
அதனால் இருக்கிறார்.

பாலிகே ஆட்கள் அறுத்துப் போட்டதை
ஏலத்தில் நான் எடுத்தேன், இரண்டு லாரி.
மூன்றாம் நாள் டிப்போவுக்கு வந்துவிட்டார்.
"அந்த மரம் இங்கதானே மேடம்?"
ஆமாம் என்றேன்.
சண்டைக்கு வந்தவர்தான்.
எந்தத் துண்டோடு சண்டை போடுவது என்று தெரியாமல்
ஒரு கட்டைமேல் உட்கார்ந்தார்.
எழுந்தபோது பேன்ட்டின் பின்புறம் ஈரம்.

பச்சைக் கட்டையில்
கோடாலி சப்பென்று ஒட்டிக்கொள்ளும்.
பீமப்பா அதைத் திட்டுவது கன்னடத்தில்,
கெஞ்சுவது தெலுங்கில்.
பிளந்ததை நெடுக்கில் ஒரு வரிசை,
குறுக்கில் ஒரு வரிசை;
இடையில் என் கை நுழைய வேண்டும், வளையலோடு.
தலைக்கு மட்டும் தார்ப்பாய்.
பக்கங்களை மூடினால் பூஞ்சைக்குக் கல்யாணம்.

ஆட்டோவைப் பார்க்க சர்வேயர் வந்தாராம்.
ஏழு வருஷ வண்டி, தேய்மானம் போக இவ்வளவு
என்று ஒரு தொகை.
தொகைக்கு ஒரு கையெழுத்து பாக்கி.
கையெழுத்து லீவில் போயிருக்கிறது.

கோதண்டன் ஒரு கட்டையைத் தேடி எடுத்தார்.
பட்டையில் நகக்கீறல் அளவு
ஆட்டோப் பச்சை ஒட்டியிருந்தது.
தராசில் வைத்தார்: பதினொன்று நானூறு.
வெட்டுமுகத்தில் சாக்பீஸால் எழுதினார்.

ஜூன், பத்து எண்ணூறு.
ஜூலை, பத்து எழுநூறு. சாரல் விடவில்லை.
ஆகஸ்டில் தார்ப்பாய் கிழிந்து
மறுபடி பத்து எண்ணூறு.
"ஏறுதே!" என்றார்,
பாஸ்புக்கைப் பார்த்தவர் போல.

பச்சையாகவே விற்றிருக்கலாம் நான்.
இந்தத் தொழிலில் பாதிப்பேர் எடைபோட்டு விற்பது
தண்ணீரைத்தான்.
ஒருமுறை நானும் விற்றேன், கடன் நெருக்கியது.
கலீல் பாயின் பிரியாணி அடுப்பில்
அது நுனியில் நுரை தள்ளி அழுதிருக்கிறது.
நானூறு பேர் பந்தியில் காத்திருக்க
பாயும் கூடவே அழுதிருக்கிறார், புகையில்.
மறுநாள் டிப்போ வாசலில்
பாதி கருகிய ஒரு துண்டை வைத்துவிட்டு
ஒன்றும் சொல்லாமல் போனார்.
திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

செப்டம்பரில் இந்திராநகர் பிட்சாக்கடை நிஷாந்த்
இரண்டு ஊசி வைத்த மீட்டரோடு வந்தான்.
குத்தினான். இருபத்தாறு.
நான் இரண்டு துண்டை எடுத்து மோதினேன்.
தொப்.
"பொங்கலுக்கு வா."
வந்தான். பதினாறு.
மோதினேன்.
ணங்.
அந்தச் சத்தத்தை போனில் பிடித்துக்கொண்டான்.
எதற்கென்று நான் கேட்கவில்லை.

அன்றைக்கு கோதண்டனும் இருந்தார்.
அவர் கட்டையில் நட்சத்திரமாய் வெடிப்பு;
பதினொன்றின் இரண்டு ஒன்றுகளும்
கோபித்துக்கொண்டு விலகி நின்றன.
ஏழு இருநூறு.
"நாலு கிலோ இருநூறு எங்க மேடம் போச்சு?"
அண்ணாந்து பார்த்தார். நானும் பார்த்தேன்.
கேபிள் கம்பி, ஒரு காக்கை.

விலை கேட்டார்.
பச்சையில் கிலோ ஐந்து, இப்போது பன்னிரண்டு என்றேன்.
வாய்க்குள்ளேயே கணக்குப் போட்டார்.
"தேயத் தேய இதுக்கு விலை ஏறுது.
என் வண்டிக்கு மட்டும் ஏன் தலைகீழா?"
சர்வேயரைக் கேட்க வேண்டிய கேள்வி.
நான் விறகுக்காரி.

காசு வேண்டாம் என்றேன், கேட்கவில்லை.
வீட்டில் கேஸ் அடுப்பு; இதை என்ன செய்வார்,
அவருக்கே தெரிந்திருக்காது.
வாடகை ஆட்டோவின் பின்சீட்டில்
கட்டையை உட்காரவைத்தார்,
உருளாமல் துண்டால் அணைத்தார்,
மீட்டரைப் போட்டார்.
கேட்காமலே மீட்டர் போட்டு ஒரு ஆட்டோ கிளம்பி
இந்த ஊரில் நான் பார்த்தது
அன்றைக்குத்தான்.